குப்பனூர் நடு அறையில் வட்டம் சுற்றுதல்: ஓர் ஆய்வு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு வழி. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது ஒன்று. குப்பனூர், கொட்டச்சேடு என்று சுற்றிப் போவது மற்றொன்று. அந்தக் குப்பனூரில், எங்கள் வீட்டு நடு அறையில், நெட்டு ஏன் சுற்றுகிறது என்பதே இவ்வாய்வின் பொருள். சுற்றுதல் என்பது ஈண்டுத் திரையில் வட்டம் சுழல்வதைக் குறிக்கும். ஊர் சுற்றுவதை அன்று.

முதற்கண் பிறர் மதம் கூறி மறுப்போம். என் மாமியார் மேகவாதி. சேர்வராயன் மலையில் மஞ்சு இறங்கினால் நெட்டு சுத்தும் என்பார். எதிர்வீட்டு அண்ணன் குரங்குவாதி. கேபிளைக் குரங்கு கடித்துவிட்டது என்பார். இவ்விரண்டும் பொருந்தா. என்னை? மஞ்சும் குரங்கும் வீட்டுக்கு வெளியே உள்ளவை. அவற்றால் கேடு வந்தால் ஒயரில் பார்த்தாலும் வைஃபையில் பார்த்தாலும் ஒரே அழுகைதான். நமக்கோ வைஃபைப் பெட்டியைத் தாண்டிப் பதினைந்து அடிக்குள் வினை நடக்கிறது. தவிர, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மஞ்சு அனேகமாக ஒன்றும் செய்வதில்லை.

சோதனை வருமாறு. மகளின் பாட வீடியோ ஒன்றை லேப்டாப்பில் இரண்டு முறை இறக்கினோம். நேரம் காட்டும் கருவி, இட்லிக் குண்டான். லேன் ஒயரைச் செருகியபோது ஓர் ஈடு வேகும் முன்பே வீடியோ இறங்கிவிட்டது. ஒயரைப் பிடுங்கி நடு அறைக்குப் போனதும் மூன்று ஈடு வெந்து, ஆறி, தின்றும் ஆயிற்று. வீடியோ பாதியில் நின்றது. நான்காம் ஈட்டுக்கு மாவில்லாததால் ஆய்வு அத்துடன் நிறுத்தப்பட்டது.

மூன்றாவது கட்சி பீரோவாதம். இதில் பாதி உண்மை உண்டு. எங்கள் பெட்டி பீரோவுக்குப் பின்னால், தூசி படாமலிருக்க மாமியார் போர்த்திய பூப்போட்ட துண்டுக்குள் இருந்தது. துண்டு, பெட்டியைச் சூடாக்குவது தவிர, குற்றமற்றது. பீரோவின் தகடோ அலையைத் திருப்பி அடிக்கும், கல்சுவர் விழுங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகக்காரன்தான், ஆனால் சுவரைக் கண்டால் இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடுவான். பீரோவை நகர்த்தினோம். வேகம் தேறியது, ஒயரை மட்டும் எட்டவில்லை.

இனி எம் துணிபு. ஏற்காட்டுக் கோடை விழாவில் கூட்டம் பெருத்தால் போலீசார் வழியைப் பிரித்துவிடுவார்கள்: அடிவாரம் வழியாக ஏறு, குப்பனூர் வழியாக இறங்கு. 100 எம்பிபிஎஸ் லேன் ஒயர் அந்த ஏற்பாடு. உள்ளே முறுக்கிய நான்கு ஜோடியில் ஏற ஒரு ஜோடி, இறங்க ஒரு ஜோடி. எதிரே வண்டியே வராது. வைஃபையில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே தடத்தில். ஒன்று வந்தால் மற்றது ஒதுங்கி நிற்க வேண்டும். டிவி, போன்கள் போதாதென்று எதிர்வீட்டு அண்ணனின் பெட்டியும் அதே பாதையில். 2.4இல் ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே.

வைஃபையில் பேசுமுன் ஒவ்வொரு கருவியும் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லையென்றால் சீட்டுக் குலுக்கியதுபோல் ஓர் எண் வரை எண்ணிக் காத்திருக்கும். பேசியபின் ரசீது கேட்கும். வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அட்டைப் பெட்டியில் அச்சடித்த வேகத்தில் பெரும்பங்கு இந்த மரியாதைகளுக்கே போய்விடுகிறது. சமையலறைப் போனும் திண்ணைப் போனும் ஒன்றுக்கொன்று கேட்காத தூரத்தில் இருந்தால் இன்னும் மோசம்: வளைவின் இரு பக்கமும் ஹாரன் அடிக்காமல் வந்த லாரிகள்தான்.

ஒயருக்கும் இந்தக் கதி ஒரு காலத்தில் இருந்தது. 1971இல் ஹவாய் தீவுகளில் நார்மன் ஆபிரகாம்சன் அமைத்த அலோஹாநெட்டில் தோன்றியபோது பேசலாம், மோதினால் மறுபடி பேசலாம். அப்படிப் பேசினால் பாதையில் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படாது. அதைத் திருத்தி 1973இல் ராபர்ட் மெட்காஃப் கம்பியில் ஏற்றியதே ஈதர்நெட். ஆக, ஒயருக்குத் தாத்தா காற்று. பேரன் சுவிட்ச் வைத்து ஆளுக்கொரு பாதை போட்டுக்கொண்டான். காற்றில் அதற்கு வழியில்லை.

இதையெல்லாம் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். “அப்ப மஞ்சு இல்லைங்கறீங்க, மாப்பிள்ளை?”

“இல்லைங்க அத்தை.”

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். சீரியல் ஓட ஆரம்பித்தது.