அலை போட்டுத் தாருங்கள்

எங்கள் குடியிருப்பின் காலண்டர் குழு என் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. கூடவே செயலாளர் ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: "சார், பனிமூட்டம் சூப்பர். ஆனா கடல் எங்க? கொஞ்சம் அலை போட்டுத் தர முடியுமா?"

பனிமூட்டமாம். பெசன்ட் நகரில்.

விடிவதற்கு முன்னால் எழுந்துபோய், ஷ்மிட் நினைவிடத்துக்கு எதிரே ட்ரைபாடை மணலில் அழுத்தி நட்டு, டென் ஸ்டாப் ஃபில்டரை மாட்டி, நான்கு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து, ஜாகிங் போகிற யாரும் ட்ரைபாட் காலைத் தட்டிவிடாதபடி அந்த நான்கு நிமிடமும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்று எடுத்த படம் அது. அலை இல்லையா? நான்கு நிமிடத்தில் கரைக்கு வந்த அத்தனை அலையும் அதில் இருக்கிறது. அத்தனையும் இருப்பதால்தான் ஒன்றும் தெரியவில்லை. இதை விளக்கமாக வாட்ஸ்அப்பில் எழுதினேன். செயலாளர் கட்டைவிரல் அனுப்பினார்.

நமக்குள் என்ன ஒளிவுமறைவு? ஃபில்டர் வாங்கியவர்களில் யார் கடலைக் கடலாக விட்டுவைத்திருக்கிறோம்? மெரினாவில் ஆரம்பித்து கோவளம், மாமல்லபுரம், தரங்கம்பாடி, முட்டம் என்று தெற்கே இஸ்திரி போட்டுக்கொண்டே போகிறோம். 1930 டிசம்பரில் பெசன்ட் நகர்க் கரையில் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்தவர் ஷ்மிட். அவர் நினைவாகக் கட்டியதை விழுந்து விழுந்து படம் எடுக்கும் நாம், அவரைக் கொண்டுபோன அலையை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிடுகிறோம். நம் படத்துத் தண்ணீரில் எறும்புகூட மூழ்காது. அன்றைக்குப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் ஏரி தம்பி?" என்றார். கேட்டவருக்குப் பின்னாலேயே கடல் இரைந்துகொண்டிருந்தது.

அலையை ஏன் அழிக்க வேண்டும் என்பதற்கு யாரும் மறுக்க முடியாத ஒரு காரணம் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் செயலாளரின் குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. "நவம்பர் மாசத்துக்கு மின்னல் படம் இருந்தா குடுங்க சார். உங்க மச்சினன் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாரே, அந்த மாதிரி."

அந்த மாதிரி!

மச்சினன் எடுத்தது படமே அல்ல. பால்கனியில் நின்று போனில் வீடியோ எடுத்தான். அப்புறம் சோபாவில் படுத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளி, மின்னல் இருக்கிற ஒரு ஃப்ரேமை வெட்டி எடுத்தான். அதிலும் வானத்தின் மேல்பாதி பளிச்சென்று இருக்கும், கீழ்பாதி கும்மிருட்டு. போன் சென்சார் மேலிருந்து வரிவரியாகப் படித்துக்கொண்டு வருவதற்குள் மின்னல் வந்து போய்விட்டது என்று அர்த்தம். குடும்ப க்ரூப்பில் அந்த அரைகுறை வானத்துக்குத்தான் அத்தனை கைதட்டல். என் சித்தி வேறு, "கேமரா வச்சிருக்கவங்ககூட இப்படி எடுக்கலை" என்று யார் பெயரையும் குறிப்பிடாமல் எழுதியிருந்தாள்.

கேமரா வைத்திருப்பவன் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று சொல்கிறேன். 'பிஸி'யைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்று மெனுவில் ஒன்று இருக்கிறதே, அதேதான். முப்பது விநாடி ஷட்டர் திறந்திருக்கும். மூடும். உடனே கேமரா இன்னொரு முப்பது விநாடி, ஷட்டரை மூடிக்கொண்டே, வெறும் இருட்டை ஒரு படம் எடுக்கும். முதல் படத்தில் இருக்கும் புள்ளிகளை இரண்டாவதை வைத்துக் கழிக்குமாம். அதுவரை எந்தப் பட்டனை அமுக்கினாலும் திரையில் 'பிஸி'. சும்மா இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்ன பிஸி? நானும்தான் இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், என்னை யாராவது பிஸி என்கிறார்களா? போய்ப் பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்கிறார்கள்.

கணக்குப்படி பார்த்தால் மின்னல் பாதி முதல் முப்பதிலும் பாதி இரண்டாவது முப்பதிலும் வர வேண்டும். வராது. முதல் முப்பதில் மேகத்துக்குள் எங்கோ ஒரு சோகையான வெளிச்சம் வந்து போகும். ஷட்டர் மூடும் சத்தம் கேட்ட மறுநொடி, தரமணியிலிருந்து துறைமுகம்வரை வானம் கிழியும். ஐந்து கிளை, ஆறு கிளை. கிளையிலிருந்து கிளை. எதிர் பிளாட்காரர்கள் "ஆ" என்பார்கள். என் கேமரா பிஸி. ஷட்டர் மறுபடி திறந்ததும் வானம் சாதுவாகிவிடும். நான்கு நிமிட எக்ஸ்போஷர் வைத்தால் இன்னும் விசேஷம்: அடுத்த நான்கு நிமிடமும் பிஸி. அந்த நான்கு நிமிடத்தில் வந்த மின்னல்களை மட்டும் தொகுத்தால் ஒரு கண்காட்சியே வைக்கலாம்.

"அதை ஆஃப் பண்ணிடுங்களேன் அத்தான்" என்றான் மச்சினன். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். மெனுவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அக்டோபர் ராத்திரியில் சென்னைப் புழுக்கத்தில் சென்சார் சூடேறி, படம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி விழுமே, அதை யார் துடைப்பது? போன வருடம் அப்படி ஒரு படத்தைத்தான் செயலாளர், "மழை மேகத்துக்கு நடுவுல இவ்ளோ நட்சத்திரமா" என்று பாராட்டினார். ஆஃப் பண்ண மாட்டேன்.

1882 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்பவர் கண்ணாடித் தகட்டில் மின்னலைப் பிடித்தார். ஓவியர்கள் அதுவரை வரைந்துகொண்டிருந்த ரம்பப்பல் மின்னல் எதுவும் வானத்தில் கிடையாது, அது கிளைவிட்டு நெளிந்து ஓடுகிறது என்று அப்போதுதான் உலகத்துக்குக் காட்ட முடிந்தது. அவருடைய கேமரா அவரிடம் ஒருமுறைகூட பிஸி என்று சொன்னதில்லை.

சரி, கடலும் மின்னலும் ஒரே படத்தில் வேண்டும் என்பார்கள். சென்னையில் அதுவும் எளிதில்லை. மே தொடங்கி செப்டம்பர்வரை இடிமழை பெரும்பாலும் மேற்கே உள்நாட்டில் கட்டி ராத்திரியில்தான் கரைக்கு வரும். கடலைப் பார்த்து நிற்பவனுக்கு முதுகுப் பக்கம் மின்னும். ஐப்பசியில் கடல்மேல் மின்னும், ஆனால் அகால வேளையில். தவிர, இடி காதில் விழுந்தாலே மின்னல் நம்மை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். வெட்டவெளி மணலில் ட்ரைபாடோடு நிற்பவன்தான் அங்கே உயரமான பொருள். எனவே நான் எடுப்பது எங்கள் வீட்டு ஹாலில், மூடிய கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து. கண்ணாடியில் ட்யூப் லைட் விழும் என்பதால் லைட்டை அணைக்க வேண்டும். டிவியையும்தான். மொத்தக் குடும்பமும் இருட்டில் உட்கார்ந்திருக்கும், என்மேல் மிகுந்த அன்போடு.

அந்த இருட்டில் அம்மா ஆரம்பிப்பாள். "அர்ச்சுனா, அர்ச்சுனா." ஒவ்வொரு இடிக்கும் ஒரு அர்ச்சுனா. மின்னல் கிட்டே வரக் கூடாது என்பது அவள் வேண்டுதல். கொஞ்சம் கிட்டே வந்தால் தேவலை என்பது என்னுடையது. சீனியாரிட்டிப்படி அவளுடையதுதான் பலிக்கிறது. மேகம் அப்படியே மகாபலிபுரம் பக்கம் நகர்ந்துவிடும். "ஒரு அரை மணி நேரம் சும்மா இரும்மா" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "உனக்காகத்தான்டா சொல்றேன்" என்றாள்.

இதையெல்லாம் பார்த்துப் பரிதாபப்பட்டு மச்சினன் ஒரு லைட்னிங் ட்ரிகர் வாங்கித் தந்தான். கேமரா தலைமேல் மாட்டிவிட்டால், சட்டென்று வெளிச்சம் எங்கே வெட்டினாலும் அதுவாகவே ஷட்டரைத் தட்டிவிடும். முப்பதும் கிடையாது, பிஸியும் கிடையாது. தந்தது தீபாவளிக்கு முதல் நாள். ராத்திரி தென்கிழக்கே மேகம் இருண்டிருந்தது. மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கார்டு நிறைந்திருக்கிறது: கீழே காம்பவுண்டில் விட்ட ராக்கெட், கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், ஒவ்வொன்றும் துல்லியம். மூன்றாவது மாடி மாமி தன் பேரன் சங்குசக்கரம் சுற்றும் படத்துக்கு இரண்டு பிரிண்ட் கேட்டிருக்கிறார். மேட் ஃபினிஷில் வேண்டுமாம்.