பத்திரத்துக்குத் தெளிவு, வைத்தியத்துக்கு மறதி

கொங்கு நாட்டு மறதி நோய்க்கு ஓர் அதிசய குணம் உண்டு. பத்திர ஆபீஸ் படியேறினால் தெளிந்துவிடும். ஆஸ்பத்திரி படியேறினால் முற்றிவிடும்.

சூலூர்ப் பக்கமோ அன்னூர்ப் பக்கமோ, யாரோ ஒரு ஆத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்ற மகனையே "ஏனுங், நீங்க எந்தூருங்க?" என்று கேட்கிறவர். அவரைக் காரில் ஏற்றிப் போய்த் தோட்டத்தை செட்டில்மென்ட் எழுதி வாங்குகிறார்கள். 'நல்ல நினைவுடன், எவர் தூண்டுதலும் இன்றி' என்று பத்திரம் சத்தியம் செய்கிறது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த பெருவிரல் ரேகை மெஷினில் விழவில்லையா? முந்தானையில் துடைத்து, மறுபடி வை ஆத்தா! அன்றைக்கு அவர் விருப்பத்துக்கு அவ்வளவு மரியாதை.

ஆறு மாதம் கழித்து அதே ஆத்தா ஐசியுவில். மூக்கில் குழாய். "வேண்டாஞ்சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்கிறார். "அவங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க டாக்டர்" என்கிறான், தெளிவாக இருப்பதாகக் கூட்டிப்போய் ரேகை வைக்க வைத்த மகன். அவர் குழாயைப் பிடுங்குகிறார். கேஸ் ஷீட்டில் 'குழப்ப நிலை' என்று ஏறுகிறது. அந்தப் பெருவிரலையும் சேர்த்துக் காஸ் துணியால் கட்டில் கம்பியில் கட்டுகிறார்கள்.

முற்றிய மறதி நோய்க்குக் குழாய் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014லேயே சொல்லிவிட்டது. ஊட்டப் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டுமே! கலிபோர்னியாவில் இருக்கிற இன்னொரு மகன் வாட்ஸ்அப்பில் வந்து "செலவைப் பாக்காதீங்க" என்கிறான். பில் போடுகிறவர்களுக்கு இதைவிட இனிய வாக்கியம் உண்டா? பங்காளிகளும் "நல்லாப் பாத்தாங்கப்பா" என்று எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி தன் முடிவைப் பேச்சால் மட்டுமல்ல, முகக்குறியாலும் சைகையாலும் தெரிவிக்கலாம் என்கிறது. மனநல சிகிச்சைக்கான சட்டம்தான். ஆனாலும், மூக்குக் குழாயைப் பிடுங்குவதைவிடத் தெளிவான சைகை எது ஐயா?

இறுதிக்கால சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தந்தது. அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்து கேட்டார்கள். 2023இல் அதையும் எளிதாக்கி, இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும் என்றார்கள். பத்திரத்துக்கு இரண்டு சாட்சி பிடிக்கத் தெரிந்த ஊருக்கு இது முடியாதா? நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஆத்தாவையும் அப்பாரையும் இன்றைக்கே கேளுங்கள். தோட்டத்துப் பத்திரத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.