அம்மாவுக்கு ஒரு வக்கீல்

பெரியம்மாவுக்கு 84 வயது. முட்டிவலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போக அண்ணன்மார் மூவருக்கும் நாலு மாதமாக நேரமில்லை. வக்கீல் விஷயத்தில் மட்டும் ஒரே வாரத்தில் ஆளுக்கொருவரைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டார்கள். மனை விலை ஏறும்போது பாசமும் பொங்கத்தானே செய்யும்.

வீடு பெரியம்மா பேரில். எதுவும் எழுதிவைக்காமல் அவர் கண்ணை மூடினால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களோடு மகளுக்கும் சமபங்கு. மூன்று வக்கீல்களும் மோதிக்கொண்டு கடைசியில் ஒத்துப்போன ஒரே இடம் இதுதான்: அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்.

"உயில் எழுதினாப் போதாதாய்யா?" என்றார் பெரியம்மா.

போதும். வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், பதிவுகூடக் கட்டாயமில்லை. ஆனால் அண்ணன்மார் பார்வையில் உயிலுக்கு ஒரு பெருங்குறை உண்டு. உயிர் இருக்கும்வரை எழுதியவர் மனசு மாறலாம், காலையில் எழுதியதைச் சாயங்காலம் ரத்து செய்யலாம். இவ்வளவு சுதந்திரத்தை ஒரு கிழவி கையில் விட்டுவைக்கலாமா? ஆகவே செட்டில்மெண்ட். பதிந்த அன்றே வீடு கைமாறிவிடும்.

கடைசிவரை கவனித்துக்கொள்வதாகப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கலாமே என்றேன். "பெத்த தாய்க்குச் சோறு போடறேன்னு பத்திரத்துலயா எழுதுவாங்க? அசிங்கம்" என்று பெரியண்ணனுக்கு ரோஷம் வந்தது. எங்கிருந்து வந்ததென்று வக்கீலுக்குத் தெரியும். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, அப்படி நிபந்தனை போட்டு எழுதி வாங்கியவன் பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயம் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். அந்த வரியால் மானம் போகாது, வீடு போய்விடும்.

மூன்று கறுப்புக் கோட்டில் ஒன்றாவது பெரியம்மாவைத் தனியே உட்காரவைத்து, "உங்களுக்கு என்னம்மா விருப்பம்?" என்று கேட்டிருக்குமா? பீஸ் கொடுப்பவன்தானே கட்சிக்காரன். பெரியம்மா வெறும் கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரலும் லேசில் மசியவில்லை. பதிவு அலுவலகத்தில் "சுயநினைவுடன், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி" என்று பத்திர எழுத்தர் ரயில் வேகத்தில் வாசித்து முடித்தார். ரேகைக் கருவி பெரியம்மாவின் விரலை ஏற்கவில்லை. அறுபது வருஷம் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்ததில் ரேகை எங்கே மிச்சமிருக்கும்? பெரியண்ணன் தன் கைக்குட்டையால் அந்த விரலைத் துடைத்தான், ஊதினான், கருவியில் வைத்து மெல்ல அழுத்தினான். மறுபடி துடைத்தான். அம்மா கையை அவன் அவ்வளவு நேரம் பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஆறாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. தூண்டுதலும் இல்லை, வற்புறுத்தலும் இல்லை.

திரும்பும்போது காரில் பெரியம்மா கேட்டார்: "முட்டிவலி டாக்டர் இந்தத் தெருதானேப்பா?"

"இன்னைக்கு அரைநாள்தாம்மா லீவு போட்டிருக்கேன்."