ஒரே ஒரு ‘நோ’

கே: கூட்டத்தில் எல்லோரும் ஒருமனதாகத் தலையாட்டினால் ஆங்கிலத்தில் ‘டு எ மேன்’ என்கிறார்களே, பெண்கள் கணக்கிலேயே இல்லையா?

ப: சேர்த்தால் சில சமயம் கணக்கு உதைக்கும்! 1941 டிசம்பர் 8 அன்று, ஜப்பான் மீது போர் தொடுக்க அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 388, எதிர்ப்பு 1. அந்த ஒன்றைப் போட்டவர் மொன்டானா மாநிலத்தின் ஜெனட் ராங்கின். வாக்களித்த ஆண்கள் மட்டும் அட்சரசுத்தமாக ‘டு எ மேன்’!

அம்மணி 1917-லும் போர் வேண்டாம் என்றவர்தான். அன்று உடன் 49 பேர் இருந்தார்கள். 1941-ல் துணைக்குக் கிடைத்தது ஒரு டெலிபோன் பூத். ஆத்திரக் கூட்டத்திடமிருந்து தப்பி அதற்குள் புகுந்து போலீஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று.