நம்பர் 4

காயலான் கடைக்காரருக்கு என்னைக் கண்டால் தனி சந்தோஷம். எடைக்குப் போக வேண்டிய இரும்பை விலைக்குக் கேட்கிற ஆள் தினமும் கிடைப்பதில்லை. அப்படி வந்து சேர்ந்ததுதான் ஸ்டான்லி நம்பர் 4 இழைப்புளி. அதில் இரும்பு எவ்வளவு, துரு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

நம்மூர் மர இழைப்புளியில் பிளேடை இறக்க ஆசாரி சுத்தியலால் தட்டுவார். ஒரு தட்டு கூடினால் பலகையில் பள்ளம். அமெரிக்காவில் லெனார்ட் பெய்லி என்பவர் அந்தத் தட்டலை ஒழித்து, விரலால் திருகும் சக்கரம் வைத்தார். 1869-ல் அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பெனி வாங்கியது. இதையெல்லாம் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கண் மட்டும் என் கையிலிருந்த புது பிளாஸ்டிக் வாளியை விட்டு நகரவில்லை.

வாளி, துரு எடுக்க. வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் இழைப்புளியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை அதற்கும் பாசிட்டிவை வேண்டாத இரும்புத் துண்டுக்கும் கொடுக்க வேண்டும். எவர்சில்வர் மட்டும் ஆகாது; அதிலுள்ள குரோமியம் தண்ணீரை நஞ்சாக்கிவிடும். என் கரண்டிகள் பிழைத்தன என்றாள் மனைவி. ஹைட்ரஜன் வேறு கிளம்பும் என்பதால் இடம் மொட்டை மாடி. துணி காயப்போட வந்தவர்கள் குமிழி விடும் வாளியையும், வயரையும், பக்கத்தில் குந்தியிருந்த என்னையும் பார்த்துவிட்டு ஈரத்துணியோடு கீழே இறங்கிவிட்டார்கள்.

துரு கழன்றதும் உள்ளே எழுத்துகள் தெரிந்தன. 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. மூன்றும் காப்புரிமைத் தேதிகள். மூன்றும் சேர்ந்திருந்தால் சாமான் ஏறக்குறைய 1910-க்கும் 1918-க்கும் நடுவில் செய்தது. முதல் உலகப்போர்க் காலத்துச் சரக்கு! கீழே ஓடினேன். மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"இதுல எக்ஸ்பைரி டேட் எது?"

கைப்பிடியைப் பிடிக்கும் பித்தளை நட்டு ஒன்று காணோம். ஹார்டுவேர் கடையில் 5 மில்லிமீட்டர் நட்டு நுழையவே இல்லை, 6 மில்லிமீட்டர் லொடலொடத்தது. கம்பெனி தனக்கென்று ஒரு மரை வைத்திருந்தது. பிளேடை ஏற்றி இறக்கும் சக்கரத்துக்கோ எதிர்மரை. கடைக்காரர் இழைப்புளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எதோடயும் ஒத்துப்போகாது சார்." எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அடிப்பாகத்தைச் சமன்செய்ய எமரி ஷீட்டைக் கண்ணாடி மேல் ஒட்டித் தேய்க்க வேண்டும். வீட்டில் சமமான கண்ணாடி டீப்பாயில்தான் இருந்தது. இது பற்றி மேற்கொண்டு பேசுவதில்லை என்று வீட்டில் உடன்பாடு. பிளேடைத் தீட்டி, கூர் பார்க்க இடது கையில் வைத்து இழுத்தேன். இப்போது அந்தக் கையில் முடி கிடையாது.

எல்லாம் தயார். இழைக்க மரம் வேண்டுமே? பாத்ரூம் கதவு பி.வி.சி. மற்ற கதவுகள் பிளைவுட். அதன் பசை பிளேடின் கூரைத் தின்றுவிடும். அசல் மரம் என்று மிச்சமிருந்தது பூஜையறை மனை. அதை நான் பார்த்த பார்வையிலேயே மனைவி எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாள்.

கடைசியில் மரக்கடைக்குப் போய், புத்தக அலமாரிக்கு என்று சொல்லித் தேக்குச் சட்டம் வாங்கிவந்தேன். முதல் தள்ளலிலேயே வெங்காயத்தோல் போலச் சுருள் எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டவனுக்கு நிறுத்த மனம் வராது. நானும் நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் வந்து, மிச்சமிருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"அங்கிள், இந்த ஸ்கேல்ல சென்டிமீட்டர் எப்போ போடுவீங்க?"