நுரையை நுரை என்று சொன்னதற்குக் கண்டனம்

பெறுநர்: செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்), பாந்த்ரா குர்லா வளாகம், மும்பை.

மதிப்புக்குரிய வாரியத்தாருக்கு,

2024 மார்ச் 11 அன்று உங்கள் அப்போதைய தலைவர் மாதவி புரி புச், ஸ்மால்கேப், மிட்கேப் பங்குகளில் ஆங்காங்கே நுரை தெரிகிறது, சிலர் அதைக் குமிழி என்கிறார்கள் என்று பேசிவிட்டுப் போனார். 13ஆம் தேதி ஸ்மால்கேப் குறியீடு ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. நீங்கள் வாயைத் திறக்கும்வரை அது வளர்ச்சியாகத்தானே இருந்தது? அதற்கு முந்தைய ஓராண்டில் அதே குறியீடு பாதிக்கும் மேல் ஏறியபோது உங்களை ஒரு வார்த்தை கேட்டோமா? ஏறினால் எங்கள் ஆராய்ச்சி, இறங்கினால் உங்கள் நிர்வாகம். இந்தப் பாகப்பிரிவினையில் என்ன குறை கண்டீர்கள்?

போதாக்குறைக்கு, முதலீட்டாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டால் பாதிப் பங்குகளை விற்க எத்தனை நாளாகும் என்று ஸ்மால்கேப் ஃபண்டுகளை வெளியிடவும் வைத்தீர்கள். பந்தி நடக்கும் கல்யாண மண்டபத்தில், தீயணைப்பு வண்டி வர எத்தனை நிமிடமாகும் என்று மைக்கில் சொல்வார்களா?

அப்புறம் நீங்கள் வெளியிட்ட அந்த ஆய்வு. 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். எங்கள் டெலிகிராம் குழுவில் விசாரித்துவிட்டோம். எல்லோரும் மீதி 7 சதவீதம்தான். பத்தில் ஒன்பது பேருக்கு நட்டம் என்று புரோக்கர் ஆப்பில் ஒரு எச்சரிக்கை வேறு வருகிறது. அதை மூடுவதற்குள் பிரீமியம் ஏறிவிடுகிறது. இந்தத் தாமதத்துக்கு இழப்பீடு உண்டா?

முன்பு திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஏதாவது ஒரு குறியீட்டு ஒப்பந்தத்துக்கு எக்ஸ்பயரி இருந்தது. பஞ்சாங்கமே தேவைப்படாத பொற்காலம். 2024 நவம்பர் 20 முதல் வாராந்திர எக்ஸ்பயரி ஒரு சந்தைக்கு ஒரே குறியீட்டில்தான் என்றாக்கி, புது ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பையும் 5 லட்சத்திலிருந்து 15 லட்சமாக்கிவிட்டீர்கள். ஏழை எங்கே போய்த் தோற்பான்?

தடுக்க வேண்டியதைத் தடுத்தீர்களா என்றால் அதுவும் இல்லை. 2024 ஆகஸ்டில், டெல்லியில் இரண்டு யமஹா ஷோரூமும் எட்டு ஊழியர்களும் கொண்ட ரிசோர்ஸ்ஃபுல் ஆட்டோமொபைல் 12 கோடி ரூபாய் கேட்டு ஐபிஓவுக்கு வந்தது. நாங்கள் ஏறக்குறைய 4,800 கோடிக்கு விண்ணப்பித்தோம், அதாவது ஊழியர் ஒருவருக்கு 600 கோடி. 117 ரூபாய்ப் பங்கு 117 ரூபாய்க்கே பட்டியலானது. எங்களைக் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டாமா? இழுத்திருந்தால் அன்றைக்கே உங்கள் வாசலில் மறியல் செய்திருப்போம், அது வேறு விஷயம்.

ஆகவே இனி குமிழி ஏதும் கண்ணில் பட்டால் ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் எங்களுக்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி போதும். அது உள்வணிகக் குற்றம் என்கிறார்கள். விதியை எழுதுவது நீங்கள்தானே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால முதலீட்டாளர் (சென்ற வியாழன் முதல்)