உழுதவனைத் தோண்ட வைத்த லவெல் துரை

உலக வழக்கப்படி இந்தக் கதை இப்படித்தான் நடக்க வேண்டும். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகும். பிழைக்க வழியில்லாதவன் கப்பலேறுவான். கலிபோர்னியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இறங்கித் தங்கம் தேடுவான். வயிற்றுவலி, கடன், சேறு எல்லாம் கிடைக்கும். தங்கம் மட்டும் பக்கத்துக் குழிக்காரனுக்குக் கிடைக்கும். கடைசியில் கடப்பாரையை வீசிவிட்டு ஏர் பிடிப்பான். பேரன் காலத்தில் பண்ணையார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இப்படிப்பட்டவர்களும் நிலம் வாங்க வழிசெய்து 1862-ல் சட்டம் கொண்டுவந்த டஃபியும் அயர்லாந்துக்காரர்தான்.

சேலம் ஜில்லாவில் இது தலைகீழாக நடந்தது. ஏர் பிடித்தவன் கடப்பாரை பிடித்தான். அதற்கும் பிள்ளையார் சுழி போட்டவர் ஓர் அயர்லாந்துக்காரரே.

மைக்கேல் ஃபிட்ஜெரால்ட் லவெல். நியூசிலாந்தில் மாவோரிகளோடு சண்டை போட்டுவிட்டு 1871-ல் பெங்களூர் வந்து சேர்ந்த சிப்பாய். ரிடையரான மனுஷன் ரோஜாச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். ஊற்றவில்லை. பழைய காகிதங்களைப் படித்தார். திப்பு போனபின் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற லெப்டினன்ட், தங்கம் காட்டுபவருக்குப் பரிசு என்று 1802-ல் அறிவித்தாராம். ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே கழுவிப் பொன்துகள் காட்டினார்களாம். லவெலுக்குத் தூக்கம் போனது. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, அந்த மண் கிடைத்த கோலாருக்குக் கிளம்பிவிட்டார்.

1873-ல் மனுப் போட்டார். அன்று மைசூரை ஆண்டது வெள்ளைக்காரக் கமிஷனர். தங்கமெல்லாம் தேறாது, வேண்டுமானால் நிலக்கரி தேடிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. பெண் கேட்டுப் போனவனுக்குப் பெரியம்மாவைக் காட்டுவதுபோல. லவெல் விடவில்லை. 1875 பிப்ரவரி 2-ல் இருபதாண்டு உரிமம் கைக்கு வந்தது. தோண்டினார். ஆழம் கூடக்கூடப் பணப்பை இளைத்தது. 1877-ல் உரிமையை பெரெஸ்ஃபோர்டு என்ற ராணுவ அதிகாரியின் கூட்டாளிகளிடம் கைமாற்றினார். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. அவர்களும் கையைச் சுட்டுக்கொண்டு, கடையைக் கட்டலாமா என்று யோசித்த வேளையில் சாம்பியன் ரீஃப் என்ற தங்கப் படிவம் அகப்பட்டது. லவெல் பெயருக்கு மிஞ்சியது பெங்களூரில் ஒரு சாலை. இன்று அங்கே ஒரு வீடு வாங்க ஆளுக்கொரு தங்கச் சுரங்கம் வேண்டும்.

சரி, தோண்டியது யார்? இங்கேதான் நம்மாள் வருகிறார்.

தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை, சேலம் ஜில்லாவைத் துடைத்துப் போட்டது. 1871 கணக்கில் ஏறக்குறைய 20 லட்சம் இருந்த தலைகள் 1881-ல் சுமார் 16 லட்சம்தான். அன்றைய ஜில்லா என்றால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்தது. மானாவாரி ராகியை நம்பியவனை மழை கைவிட்டது. சொந்தமாகக் காணி இல்லாத சேரிக்காரனைக் கைவிட மழைகூடத் தேவைப்படவில்லை. சுரங்கத்துக்கு ஆள் பிடிக்க மேஸ்திரி வந்தார். சேலத்திலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆட்கள் கிளம்பினார்கள்.

கிணறு வெட்டத் தெரிந்தவனுக்கு இதென்ன பிரமாதம் என்று நினைத்திருப்பார்கள். நம்மூர்க் கிணற்றில் நூறடியில் தண்ணீர் வந்தால் பொங்கல் வைத்துவிடுவோம். கோலார்க் கிணறு மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. கீழே வெந்நீர் போடும் சூடு. திடீரென்று வெடித்துச் சிதறும் பாறை. நுரையீரலைக் கல்லாக்கும் தூசி. மேலே இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த துரைமார்களுக்குக் கிளப்பும் பங்களாவும்.

இதில் காவிரி வேறு சேர்ந்துகொண்டது. 1902-ல் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பியில் ஓடிக் கோலார் சுரங்கத்துக்குப் போனது. அதே காவிரிக் கரையில் பரமத்தி வேலூர்க்காரரும் மோகனூர்க்காரரும் சிம்னி விளக்கில் மூக்கைக் கருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளும் நம்மாள், ஆறும் நம்மாறு. இரண்டுக்கும் மேஸ்திரி லண்டனில்.

சுரங்கம் எண்ணூறு டன் தங்கம் போலக் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28-ல் கதவைச் சாத்தியது. அயர்லாந்துக்காரன் செய்ததுபோலச் சுரங்கத்தில் தோண்டியவர்களும் ஏருக்குத் திரும்பியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி: எந்த நிலத்துக்கு? டஃபி மாதிரி சட்டம் போட யாரும் கோலார் பக்கம் வரவில்லை. பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

சேலத்து நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று பில் போடும்போது நாம் முணுமுணுக்கிறோம். கோலார் கணக்கு இன்னும் மோசம். அங்கே கூலி செய்தவரும் நம்மாள், சேதாரம் ஆனவரும் நம்மாள். நகை மட்டும் லண்டனுக்குப் போய்விட்டது.